உங்கள் அறை காத்திருக்கிறது

இயேசு மரி சூசை துணை

பருத்திப்பட்டு, ஆவடி
13-5-2024

அன்புள்ள மனைவி ஞானகுமாரிக்கு,

ஆரோக்கியசாமி எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் மகள் ஜெபிஷாவும் மாப்பிள்ளை ஆன்டோவும் பேரனும் அமெரிக்காவில் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று வீடியோவில் பேசியபோது உன் நெற்றியும் அந்த வீட்டுக் கூரையும்தான் தெரிந்தன. எனக்கு இடது காது கேட்காது என்பது உனக்குத் தெரியும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். போனில் சொன்னதை நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லலாம். எழுத்தில் இருந்தால் மாறாது. முப்பத்து நான்கு வருஷம் ஃபேக்டரி கேட்டில் தர்வானாக நின்றவன் நான். வாய்ப்பேச்சை நம்பி ஒரு ஆளைக்கூட உள்ளே விட்டதுமில்லை, வெளியே விட்டதுமில்லை. அதனால் இனிமேல் கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேட்பேன். நீயும் கடிதத்திலேயே பதில் எழுது. பதினைந்து நாள் ஆனால் ஆகட்டும்.

விஷயம் இதுதான். ஜெபிஷா ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ போட்டிருந்தாள். வரிசையாக மிஷின்கள், ஒவ்வொன்றிலும் கலர் விளக்கு. நீ நீலப் புடவையும் அதற்கு மேல் மகளின் கோட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறாய். பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு ஆள். எதிர்வீட்டு உதயகுமாரிடம் காட்டினேன். "இன்னா நைனா, இது சூதாடுற எடமாச்சே. அம்மா செம ஜாலியா கீறாங்கோ" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே யார் அழைத்துப் போனது? எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள்? தொப்பிக்காரன் யார்? இன்னொன்றும் கேட்கிறேன். நீ ஏன் அப்படிச் சிரிக்கிறாய்? நம் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அதில்கூட நீ அப்படிச் சிரிக்கவில்லை.

இங்கே வேறு விசேஷம் இல்லை. சோறு தினமும் குழைந்துவிடுகிறது. எவ்வளவு தண்ணீர் வைப்பாய் என்பதையும் எழுது.

இப்படிக்கு,
ம. ஆரோக்கியசாமி


மரியே வாழ்க

ஹில்ஸ்பரோ, ஓரிகன்
1-6-2024

அன்புள்ள ஜெபிஷா அப்பாவுக்கு,

ஞானம் எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். குக்கர் மூன்று விசில் வந்ததும் இறக்கிவிடுங்கள். பக்கத்தில் நின்று நான்காவதையும் எண்ண வேண்டாம்.

கேட்டதற்கெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு மே பதினொன்றாம் தேதி பிறந்தநாள். இங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம், மலைக்குள்ளே ஒரு ஆற்றங்கரை. இந்த நாட்டின் ஆதிகுடிகளுக்குச் சொந்தமான இடம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள். இப்போது அவர்களுக்கென்று கொஞ்சம் நிலம், சொந்தப் போலீஸ், சொந்த நிர்வாகம் எல்லாம் இருக்கிறது. அந்த நிலத்தில் அவர்களே ஒரு காசினோவும் ஓட்டலும் நடத்துகிறார்கள். வருகிற வருமானத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஓடுகின்றனவாம். பேரனுக்கு நீச்சல் குளம், நமக்குச் சாப்பாடு, அதுதான் மாப்பிள்ளையின் கணக்கு.

காசினோ என்றதும் நானும் பயந்துதான் போனேன். உள்ளே போனால் பட்டாபிராம் கல்யாண மண்டபம் அளவுதான் இருக்கிறது. கீழே கம்பளத்தில் சிகரெட் வாசனை. மிஷின் முன்னால் இருப்பவர்களெல்லாம் என்னைவிட வயதானவர்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஒரு அம்மா பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். பார்க்கப் பாவமாக இருந்தது. நான் மிஷினில் விளையாடவில்லை. பின்னால் ஒரு ஹாலில் பிங்கோ என்று ஒன்று நடந்தது. எட்டிப் பார்த்தால் நம் பங்குத் திருவிழாவில் நடக்கிற அதே தம்போலா! எண் சொல்லச் சொல்லச் சீட்டில் அடிக்க வேண்டும். நம் ஊரில் பேனா, இங்கே கலர் மை வைத்த பெரிய குச்சி, அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் ஒரு வருஷம் தம்போலாக் கட்டைகளை வாங்கித் தரையில் கொட்டி எண்ணிப் பார்த்தீர்களே, தொண்ணூறும் இருக்கிறதா என்று. சாமியாரே சிரித்தார். அதை ஜெபிஷாவிடம் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து வெளியே வரும்போது, அந்த மிஷின்களுக்கு நடுவே எடுத்த போட்டோ அது.

தொப்பிக்காரருக்கு எண்பது வயது. எனக்கு எண்களைக் காட்டிக்கொடுத்தார். அவர் சொன்ன கதையில் பாதி எனக்குப் புரியவில்லை, நான் சொன்னதில் அவருக்கு எதுவும் புரிந்திருக்காது.

விளையாட மெம்பர் கார்டு ஒன்று போட வேண்டும் என்றார்கள். அடையாளத்துக்கு என்னிடம் பாஸ்போர்ட்தான் இருந்தது, கொடுத்தேன். அதைப் பார்த்துப் பேர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் தட்டிக்கொண்டாள் அந்தப் பெண். போதுமா?

மாத்திரை வேளைக்குப் போடுங்கள்.

அன்புடன்,
ஞானம்


இயேசு மரி சூசை துணை

ஆவடி
20-6-2024

அன்புள்ள ஞானகுமாரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். சோறு இப்போது பரவாயில்லை.

நீங்கள் மூன்று பேர், பேரன் ஒரு ஆள், ஆக நான்கு பேர் என்கிறாய். ஜெபிஷா போட்ட இன்னொரு படத்தில் சாப்பாட்டு மேஜையில் ஐந்து தட்டு இருக்கிறது. ஐந்தும் சாப்பிட்ட தட்டு. யார் அது?

அதுவும் போகட்டும். இந்த மாதம் பதினைந்தாம் தேதி சனிக்கிழமை நீ மறுபடியும் அங்கே போயிருக்கிறாய். பிறந்தநாள் ஒரு முறைதானே வரும்? ஆற்றங்கரையில் நிற்கிற படத்தில் உன் கையிலும் மாப்பிள்ளை கையிலும் வெள்ளையாக ஒவ்வொரு அட்டை தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டல் அறைச் சாவி இப்போது அட்டையாகத்தான் வருகிறது என்று உதயகுமார் சொல்கிறான். மாப்பிள்ளை கையில் ஒரு சாவி, உன் கையில் ஒரு சாவி. ஏன் இரண்டு?

போன ஞாயிறு வேப்பம்பட்டுக்குப் போய் உன் தங்கச்சி பிரகாசியிடம் கேட்டேன். "உன்னிடம் ஏதாவது சொன்னாளா" என்று. "அத்தான், அவ அம்பத்தெட்டு வயசுக்காரி, ஊர் பாக்கப் போயிருக்கா. விடுங்க" என்று சொல்லிவிட்டு மீன்குழம்பு ஊற்றினாள். அவள் முகம் சரியில்லை. உனக்கும் அவளுக்கும் ஏதோ பேச்சு நடக்கிறது.

உன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு கேட் சத்தம் கேட்டது போல இருந்து வெளியே போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

இப்படிக்கு,
ம. ஆரோக்கியசாமி


மரியே வாழ்க

ஹில்ஸ்பரோ
6-7-2024

அன்புள்ள ஜெபிஷா அப்பாவுக்கு,

ஐந்தாவது தட்டில் மீன் முள் போட்டோம். அந்த ஆற்று மீனில் அவ்வளவு முள்.

சாவிக்கு வருகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பொய் எழுத எனக்கு வராது. எழுதாமல் விட்டால் ஜெபிஷாவிடம் கேட்பீர்கள், பிறகு ஆன்டோவிடம் கேட்பீர்கள். மருமகனிடம் அது வேண்டாம்.

முதல் முறை போனபோதே எனக்குத் தனியாக ஒரு அறை எடுத்துக்கொடுத்தார்கள். பேரன் ராத்திரி உதைப்பான், நீ நிம்மதியாகத் தூங்கும்மா என்றாள் ஜெபிஷா. நானும் சரி என்று போய்க் கதவைச் சாத்தினேன். சின்ன அறைதான். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே ஆறு. நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். காபி போட்டுக் குடித்தேன். வெளியே நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, என் வாழ்க்கையில் ஒரு அறையில் நான் தனியாக இருந்ததே இல்லை. அம்மா வீட்டில் ஏழு பேர். பிறகு குவார்ட்டர்ஸ். பிறகு நம் வீடு, நீங்கள்.

கல்யாணமாகி இரண்டாவது வாரம் கோயில் பாடல் குழுவுக்குப் போய் வந்தேன். வாசலில் நின்று என் பையை வாங்கித் திறந்து பார்த்தீர்கள். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி உதறினீர்கள். கேட்டில் ஷிப்டு முடித்து வந்த பழக்கம், இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். முப்பத்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. நீங்கள் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நெற்றியில் துணி போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் வெளியே சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லாமல் போனது. பால் வாங்கப் போனால் ஏன் பதினாறு நிமிஷம் என்று கேட்பதை யாரிடம் குற்றமாகச் சொல்வது?

அந்த அறையில் நான் எதுவும் செய்யவில்லை. சும்மா இருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அதனால் ஜூனில் இன்னொரு முறை கூட்டிக்கொண்டு போ என்று நானே ஜெபிஷாவிடம் கேட்டேன். உங்களிடம் மறைத்தது இதைத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஞானம்


இயேசு மரி சூசை துணை

ஆவடி
24-7-2024

ஞானகுமாரிக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பையைப் பார்த்தது தப்புதான் என்று எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியும்விட்டேன். நேற்று முன்தினம் தபால்காரர் ஒரு கார்டு கொடுத்துவிட்டுப் போனார். உன் பேருக்கு, நம் வீட்டு விலாசத்துக்கு, அந்த ஆற்றங்கரை ஓட்டலிலிருந்து. எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதில் இருப்பதை அப்படியே தமிழில் தருகிறேன். "ஞானகுமாரி, நீங்கள் இல்லாமல் எங்களுக்குக் குறையாக இருக்கிறது. இது உங்கள் பிறந்தநாள் மாதம். உங்கள் அறை காத்திருக்கிறது. இரண்டு இரவுகள். துணைக்கு ஒருவரையும் அழைத்து வாருங்கள்." கீழே நீல மையில் சாய்வாகக் கையெழுத்து: டேல்.

தனி அறையில் சும்மா இருந்தேன் என்கிறாய். இங்கே ஒருவன் உன் அறை காத்திருக்கிறது என்கிறான். உன் பிறந்தநாள் ஆகஸ்ட் பதினைந்து என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே பல வருஷம் மறந்துபோயிருக்கிறது.

உதயகுமாரிடம் காட்டினேன். "நைனா, இது நோட்டீஸு மாரி கீது. ஊருக்கெல்லாம் அனுப்பிகினு இருப்பானுங்கோ, நீ வேற" என்றான். நோட்டீசில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களா? கையெழுத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கலையவில்லை. நல்ல வெளிநாட்டு மை. என் சர்வீசில் எத்தனை போலிப் பாஸ் பார்த்திருப்பேன்.

உன்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று அந்த ஓட்டலின் பாதுகாப்பு அதிகாரிக்கே நேராக ஒரு விண்ணப்பம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். ஞானகுமாரி என்ற என் மனைவி எந்தெந்தத் தேதியில் உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், அறைக்கு யார் வந்தார்கள் என்ற விவரம் தரும்படி கேட்டிருக்கிறேன். ஒரு கேட்டில் நின்றவன் இன்னொரு கேட்டில் நிற்பவரிடம் கேட்கிறேன், தயவுசெய்து மறுக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். நான் உன் கணவன் என்பதற்கு ஆதாரமாகக் கோயில் ஆபீசில் நம் கல்யாணச் சான்றிதழின் நகல் வாங்கி, பள்ளிக்கூட ஹெச்.எம். ஒருவரிடம் அட்டெஸ்டேஷன் வாங்கி இணைத்திருக்கிறேன். எதற்கு என்று கோயில் கணக்கப்பிள்ளை கேட்டார். சொன்னேன்.

மறைக்க ஒன்றுமில்லை என்றால் நீ பயப்பட வேண்டியதில்லை.

ம. ஆரோக்கியசாமி


ஹில்ஸ்பரோ
19-8-2024

ஜெபிஷா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. அதைப் படித்த பிறகும் பதினேழாம் தேதி நான் அங்கே போனேன். போகாமல் இருந்தால் நீங்கள் எழுதியது உண்மை என்று ஆகிவிடும் போலிருந்தது.

முதலில் டேலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கவுன்டரில் ஜெபிஷாதான் கேட்டாள். டேல் அங்கே வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு மகன் ஊருக்குப் போய்விட்டாராம். கையெழுத்தை மட்டும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்கள். கார்டு போட்டவர்களில் ஆகஸ்டில் பிறந்த நானூறு பேருக்கு அது அடித்துப் போகிறது. அச்சு மை எச்சிலுக்குக் கலையாது.

அதைச் சொன்ன பெண் என் மெம்பர் கார்டை மிஷினில் தேய்த்ததும் திரையைப் பார்த்தாள். கொஞ்சம் இருங்கள் என்று உள்ளே போய் ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அறுபது வயதிருக்கும். நரைத்த தலையை இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். சட்டையில் பேட்ஜ். பெயர் மார்லீன். நீங்கள் "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதினீர்களே, அந்தப் பாதுகாப்பு அதிகாரி அவள்தான். கையில் உங்கள் விண்ணப்பம்.

எங்களை ஒரு ஓரமாக அழைத்துப்போய் உட்காரவைத்தாள். அவள் சொன்னதை ஜெபிஷா தமிழில் சொன்னாள். "எங்க வாசலுக்குள்ள வர்றவங்களப் பத்தி நாங்க வெளிய யாருக்கும் சொல்றதில்ல. புருஷனுக்கும் சொல்றதில்ல. ஆனா உங்களப் பத்தி ஒருத்தர் விசாரிக்கிறாருன்னு உங்களுக்குத் தெரியணும்." விண்ணப்பத்தையும் சான்றிதழையும் என் கையில் கொடுத்தாள். நம் இரண்டு பேர் பெயரும், சாமியார் கையெழுத்தும், அதன் மேல் ஹெச்.எம். போட்ட பச்சை மையும்.

பிறகு என்னையே பார்த்து மெதுவாக ஒன்று கேட்டாள். எனக்கே புரிந்தது. ஜெபிஷா அதை மொழிபெயர்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் உனக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டாள். நான் "யெஸ், யெஸ், குட் மேன்" என்றேன். முன்பின் தெரியாத ஒருத்தி உங்களைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. தன் போன் நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அறைக்குப் போய் அழுதேன். ஆறு அங்கேயேதான் இருந்தது, எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. எனக்கென்று ஒரே ஒரு இடம் கிடைத்தது, அங்கேயும் நீங்கள் வந்துவிட்டீர்கள். விமானம் ஏறாமலே வந்துவிட்டீர்கள்.

பெற்ற மகள் எதிரில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவைத்தீர்களே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞானம்


இயேசு மரி சூசை துணை

ஆவடி
2-9-2024

அன்புள்ள ஞானத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தக் கார்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அச்சுதான். முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு. இந்த வார்த்தையை நான் இதுவரை எழுதினதில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். சண்முகசுந்தரம் என்று ஒருவன், ஒரே அறையில் தங்கியிருந்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். ஷிப்டு முடிந்து வந்தவன், "மச்சான், பசிக்குது, சீக்கிரம் உடு" என்றான். டிபன் கேரியரைத் திறக்காமல் விட்டேன். அடுத்த கேட்டில் திறந்தார்கள். அடி அடுக்கில் சோற்றுக்குக் கீழே ஃபேக்டரிப் பித்தளை. அவனுக்கு வேலை போனது, எனக்கு ஆறு மாதம் சஸ்பென்ஷன். விசாரணையில் ஒரு அதிகாரி கேட்டார், "நண்பன் என்றால் திறந்து பார்க்க மாட்டாயா?" அன்றைக்கு மனதில் ஒன்று முடிவு பண்ணினேன். அதன் பிறகு இரண்டு வருஷத்தில் உன்னைக் கட்டினேன். இதை நியாயம் என்று சொல்லவில்லை. எங்கிருந்து ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

மாத முடிவில் உனக்குத் திரும்பி வர டிக்கெட் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். பின்பக்க அறையில் இருந்த என் பழைய பெட்டிகளை எடுத்துவிட்டேன். அதை நீ வைத்துக்கொள். ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். உதயகுமார் ஏர்போர்ட்டுக்கு வண்டி கொண்டுவருகிறேன் என்கிறான்.

தேதியை மட்டும் எழுது. போனில் கேட்டால் ஜெபிஷா பேச்சை மாற்றுகிறாள். வீடியோவில் நீ வருவதே இல்லை. நீ இருக்கிறாய்தானே? ஏன் அவள் மாற்றுகிறாள்?

அன்புடன்,
ம. ஆரோக்கியசாமி


மரியே வாழ்க

வேப்பம்பட்டு
20-9-2024

அன்புள்ள ஜெபிஷா அப்பாவுக்கு,

விலாசத்தைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். நான் வந்து பதினாறு நாள் ஆகிறது. நான்காம் தேதி இறங்கினேன். பிரகாசி ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாள். உங்கள் கடைசிக் கடிதத்தை ஜெபிஷா போட்டோ எடுத்து அனுப்பினாள். அவளைத் திட்ட வேண்டாம், சொல்லாதே என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

ஐந்து ஸ்டேஷன் தூரத்தில் இருந்துகொண்டு உங்களை ஏமாற்றினேன். மனது கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக உங்களுக்குத் தெரியாமல் ஒன்று செய்திருக்கிறேன். நீங்கள் சந்தேகப்பட்டதற்கெல்லாம் சேர்த்து ஒன்று.

பிரகாசியின் மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. அதில் இருக்கிறேன். வெயில் தாங்கவில்லை, மழை வந்தால் ஒரு மூலை ஒழுகுகிறது. கீழே அவளுக்கும் துணையாயிற்று. இங்குள்ள கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரச் சாமியார் கேட்டிருக்கிறார்.

சண்முகசுந்தரம் கதையைப் படித்து எனக்கு அழுகை வந்தது. முதல் வருஷமே சொல்லியிருந்தால் உங்கள் தலையைத் தடவி, நான் அவன் இல்லை என்று சொல்லியிருப்பேன். நீங்கள் கெட்டவர் இல்லை. எனக்கு உங்கள் மேல் பாசம் இல்லாமலும் இல்லை. நான் திரும்பி வர மாட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். பின்பக்க அறை, வெள்ளையடிப்பு எதுவும் எனக்கு வேண்டாம். நான் வெளியே போய் வந்தால் எங்கே, எவ்வளவு நேரம், யாரோடு என்று கேட்காமல் உங்களால் இருக்க முடியுமா? வாயால் மட்டும் இல்லை, மனதாலும். முடியும் என்று எழுதினால் அன்றைக்கே ரயில் ஏறி வருகிறேன். அவசரமில்லை, நன்றாக யோசித்து எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை நான் நம்புவேன்.

அன்புடன்,
ஞானம்


இயேசு மரி சூசை துணை

ஆவடி
30-9-2024

அன்புள்ள ஞானத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்றே, முடியும் என்று எழுதிவிட்டேன். கவரில் போட்டு ஒட்டியும் வைத்தேன். தபாலில் போடுவதற்கு முன்னால் உன்னை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. விசாரிக்க இல்லை. பார்க்க மட்டும்தான். ஆறு மாதம் ஆகிவிட்டதே.

நேற்று ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்கு வேப்பம்பட்டு வந்தேன். பிரகாசி வீட்டுத் தெருமுனைக் கடையில் டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு நின்றேன். நீ வந்தாய். இளைத்திருக்கிறாய், ஆனால் நன்றாக இருக்கிறாய். மீன்காரம்மாவிடம் ஏதோ பேசிச் சிரித்தாய். கூப்பிடலாம் என்று இரண்டு அடி வைத்தேன். கூப்பிடவில்லை. நீ மாடி ஏறிப் போன பிறகு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன். மனது லேசாக இருந்தது. கேட்காமல் இருந்துவிட்டேன், பார், என்னால் முடிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரயிலில் உட்கார்ந்து டிக்கெட்டைத் தேடிச் சட்டைப் பையில் கை விட்டேன். ஒரு காகிதம் வந்தது. டீக்கடையில் பஜ்ஜி வைத்துக் கொடுத்த காகிதம். அதில் என் கையெழுத்து. "10.50 கோயிலிலிருந்து. 10.58 மீன், 7 நிமிஷம். 11.06 கண்ணாடி போட்ட ஆள், பேசினாள். யார்? 11.09 மாடி. பையில் என்ன?"

எப்போது எழுதினேன் என்று தெரியவில்லை, ஞானம். பேனாவை எடுத்தது நினைவே இல்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைத்தேன்.

முடியும் என்று எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதை அனுப்பியிருந்தால் நீ நம்பி வந்திருப்பாய். ஒரு மாதம் நான் வாயைக் கட்டிக்கொண்டிருப்பேன். பிறகு மறுபடியும் கேட்பேன். எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நீ இல்லாமல் இந்த வீட்டில் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். நீ அங்கேயே இரு. நான் கூப்பிட்டாலும் வராதே.

அன்புடன்,
ஆரோக்கியசாமி